பிக்கப் டிரக்குக்கு ஏற்ற ஆயில் ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எஞ்சின் ஆயிலின் கிரேடு என்ன, எந்த நிறுவனத்தின் ஆயில் நல்லது என்று பலரிடம் விசாரித்து வாங்குகிற வாகன உரிமையாளர்கள்கூட, ஃபில்டர் விஷயத்தில் கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பிக்கப் டிரக்குக்கு இந்த அலட்சியம் ஆகாது. பாரத்தோடு மேடேறுவது, டிரெய்லர் இழுப்பது, புழுதி பறக்கும் மண்சாலையில் ஓடுவது, எஞ்சினை அணைக்காமல் நெடுநேரம் நிற்பது என்று அதன் வேலைகள் எல்லாமே ஆயிலைச் சூடாக்கும், அல்லது அழுக்காக்கும். முதன்முறையாகத் தாமே ஆயில் மாற்ற முனைபவர்களும், மெக்கானிக்கிடம் எந்த ஃபில்டரைப் போடச் சொல்வது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் இங்கே சொல்லப்படும் வரிசையிலேயே முடிவெடுத்தால் போதும்: முதலில் பொருத்தம், அடுத்து வால்வுகள், அதன் பிறகே வடிகட்டும் திறன். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்து, திறனையும் விலையையும் மட்டும் ஒப்பிட்டுக் குழம்புகிறார்கள்.

ஃபில்டரின் வேலை எது, எது இல்லை

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியான சம்பிலிருந்து ஆயில் பம்ப் ஆயிலை உறிஞ்சி அழுத்தத்துடன் ஃபில்டருக்கு அனுப்புகிறது. இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலும் ஆயில் முழுவதுமே ஃபில்டரைக் கடந்த பிறகுதான் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளையும் கேம் ஷாஃப்ட்டையும் டர்போவையும் சென்றடையும். தேய்மானத்தால் உதிரும் உலோகத் துகள்களையும், காற்றோடு உள்ளே புகுந்த மணல் தூசியையும், கட்டிபட்ட கரியையும் ஃபில்டர் வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பாரம் மிகும்போது பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள ஆயில் படலம் சில மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடுவதால், கண்ணுக்கே தெரியாத துகள்கள்தாம் அங்கே உராய்ந்து கேடு விளைவிக்கின்றன.

ஃபில்டரால் செய்ய முடியாததையும் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. ஆயிலில் கலந்துவிட்ட எரிபொருளையோ நீரையோ அமிலத்தையோ அது பிரித்தெடுக்காது. ஆயிலில் தீர்ந்துபோன சேர்க்கைப் பொருள்களை மீட்டுத் தராது. டீசல் எஞ்சினில் உண்டாகும் கரித்துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது என்பதால், அது ஃபில்டருக்குள் இருந்து வடிகட்டும் வடிதாளின் வழியே எளிதாக நழுவிவிடும். புது ஆயில் ஊற்றிச் சில நாள்களிலேயே டீசல் வண்டியின் ஆயில் கறுத்துப்போவதற்குக் காரணம் இதுவே தவிர, ஃபில்டர் கெட்டுவிட்டது என்பதல்ல. எனவே எவ்வளவு உயர்ந்த ஃபில்டரைப் போட்டாலும் ஆயில் மாற்றும் இடைவெளியை உங்கள் விருப்பப்படி நீட்டிக்க முடியாது.

முதல் படி: சரியான பாக எண்ணைக் கண்டுபிடியுங்கள்

வாகனக் கையேட்டில் எஞ்சின் வகையும், ஆயிலின் கொள்ளளவும், பெரும்பாலும் ஃபில்டரின் பாக எண்ணும் கொடுக்கப்பட்டிருக்கும். கொள்ளளவு இரண்டு எண்களாக இருந்தால், ஒன்று ஃபில்டரையும் சேர்த்து மாற்றும்போது தேவைப்படும் அளவு, மற்றொன்று ஃபில்டரை மாற்றாதபோது தேவைப்படும் அளவு என்று பொருள். ஒரே பெயரில் விற்கப்படும் பிக்கப்பில் பெட்ரோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும் இருக்கலாம். ஒரே டீசலில் இரண்டு வெவ்வேறு கொள்ளளவு எஞ்சின்கள் இருக்கலாம். ஒரே ஆண்டுக்குள்ளேயே எஞ்சின் வடிவம் மாறியிருக்கலாம். ஆகவே மாடலின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி ஃபில்டர் கேட்காமல், சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாகன நிறுவனத்தின் பாக எண்ணை உறுதிசெய்துகொள்ளுங்கள். வேறு நிறுவனத்தின் ஃபில்டரை வாங்குவதாக இருந்தால், அந்த நிறுவனம் வெளியிடும் பட்டியலில் உங்கள் வாகனத்தைத் தேடி அங்கே கிடைக்கும் எண்ணையும், வாகன நிறுவனத்தின் எண்ணுக்கு ஈடாகக் காட்டப்படும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வாங்க வேண்டும்.

ஃபில்டர்களில் இரண்டு வகை உண்டு. தகர டப்பா போன்ற உறையோடு முழுதாகக் கழற்றி மாட்டுவது ஸ்பின்-ஆன் வகை. எஞ்சினிலேயே நிலையாக உள்ள கூட்டுக்குள் வடிதாள் சுருளை மட்டும் மாற்றுவது காட்ரிட்ஜ் வகை. உங்கள் எஞ்சினில் எது உள்ளதோ அதுவே உங்களுடையது.

ஸ்பின்-ஆன் வகையில் மூன்று அளவுகள் பொருந்தியாக வேண்டும்: நடுத்துளையின் மரை, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டின் விட்டம், உறையின் உயரம். இவற்றுள் மரைதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது. பரவலாகப் புழங்கும் மரைகளில் ஒன்று முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 சுற்றும் கொண்டது. மற்றொன்று 20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், அதன் மரைகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 1.59 மில்லிமீட்டர். வேறுபாடு இவ்வளவு சிறியது என்பதால், 20 மில்லிமீட்டர் மரையுள்ள ஃபில்டர் எஞ்சினில் ஃபில்டர் ஏறும் மரைத்தண்டான அடாப்டர் முக்கால் அங்குலமாக இருந்தாலும் அதில் தளர்வாக ஏறி, கேஸ்கெட்டும் எஞ்சினில் அழுந்தியதுபோலவே தோன்றும். ஆனால் மரைகளின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பற்றியிருக்கும். குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது ஆயில் அழுத்தம் மிகவும் உயரும். அந்த நேரத்தில் பிடி நழுவினால் சம்பிலுள்ள ஆயில் முழுவதும் சிறிது நேரத்தில் சாலையில் கொட்டிவிடும். மாட்டும்போது ஃபில்டர் பக்கவாட்டில் ஆடினாலோ, கடைசிவரை வழக்கத்துக்கு மாறாக இலகுவாகச் சுற்றினாலோ, அதைக் கழற்றிவிட்டு எண்ணை மீண்டும் சரிபாருங்கள். பழைய ஃபில்டரும் புதியதும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றுபோல் இருப்பதை மட்டும் பொருத்தத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

இரண்டாம் படி: உள்ளே இருக்கும் வால்வுகள்

வெளியிலிருந்து எளிதில் தெரியாத இரண்டு வால்வுகள் பெரும்பாலான ஃபில்டர்களுக்குள் இருக்கின்றன. என் பார்வையில், வடிதாளின் தரத்தைவிட இவற்றைக் கவனிப்பதே முதன்மையானது.

ஒன்று பைபாஸ் வால்வு. வடிதாளுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது இது திறந்து, ஆயிலை வடிகட்டாமலேயே எஞ்சினுக்குள் விடும். கடுங்குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதோ, ஃபில்டர் அடைபட்டுவிட்டபோதோ, எஞ்சின் ஆயிலே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஆயிலோடு ஓடுவது மேல் என்பதால் இந்த ஏற்பாடு. பம்பில் இருக்கும் அழுத்தம் தணிக்கும் வால்வு வேறு, இது வேறு. பம்ப் வால்வு மொத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது, இதுவோ வடிதாளின் இரு பக்கத்து வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறது.

பைபாஸ் திறக்கும் அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பொதுவாக 8 முதல் 22 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை, அதாவது ஏறத்தாழ 0.55 முதல் 1.5 பார் வரையிலான அளவுகள் வழக்கத்தில் உள்ளன. 22 பி.எஸ்.ஐ. கேட்கும் எஞ்சினில் 9 பி.எஸ்.ஐ.யில் திறக்கும் ஃபில்டரைப் பொருத்தினால், பாரத்தோடு எஞ்சினை முறுக்கும்போதெல்லாம் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். குறைந்த அளவு கேட்கும் எஞ்சினில் அதிக அளவுள்ளதைப் பொருத்தினால், வால்வு திறப்பதற்கு முன்பே வடிதாள் நசுங்கிக் கிழியும் வாய்ப்பு உண்டு. சில எஞ்சின்களில் பைபாஸ் வால்வு எஞ்சின் பிளாக்கிலேயே இருப்பதால், அவற்றுக்கான ஃபில்டரில் அது இருக்காது. அப்படிப்பட்ட ஃபில்டரைத் தவறுதலாக வேறு எஞ்சினில் மாட்டிவிட்டால் பைபாஸ் வழியே இல்லாமல் போய்விடும். மரையும் கேஸ்கெட்டும் அச்சாகப் பொருந்தியிருக்க, வால்வு மட்டும் வேறாக இருக்கும் ஃபில்டர்கள் சந்தையில் பல உள்ளன என்பதால்தான் பாக எண்ணை இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது. ஃபில்டர் தயாரிப்பாளர்கள் வெளியிடும் தொழில்நுட்ப விவரத்தாளில் இந்த அளவு பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும்.

மற்றொன்று, எஞ்சினை அணைத்த பிறகு ஆயில் ஃபில்டரிலிருந்து சம்புக்கு வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு. நுழைவுத் துளைகளின் உட்புறம் ஒட்டியிருக்கும் ரப்பர் விளிம்புதான் இது. ஃபில்டர் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டப்பட்டிருக்கும் எஞ்சினில் இது ஒழுங்காக மூடாவிட்டால், இரவு முழுவதும் ஆயில் வடிந்துபோய், காலையில் இயக்கும்போது ஃபில்டர் மீண்டும் நிரம்பும்வரை சில வினாடிகள் எஞ்சினிலிருந்து கடகடவென்று ஓசை வரும். அந்தச் சில வினாடிகளில் பேரிங்குகளுக்கும் டைமிங் செயினைத் தளராமல் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கும் ஆயில் போய்ச் சேர்ந்திருக்காது. இந்த வால்வை நைட்ரைல் ரப்பரிலோ சிலிக்கோனிலோ செய்கிறார்கள். நைட்ரைல் வெப்பத்தில் நாளடைவில் விறைத்துப்போகும். சிலிக்கோன் வெப்பத்திலும் குளிரிலும் நெகிழ்வோடு நிற்கும். உங்கள் ஃபில்டரின் வாய் மேல்நோக்கி இருந்தால், அதாவது ஃபில்டர் செங்குத்தாகக் கீழே தொங்கினால், நைட்ரைலே போதும். வேறு கோணத்தில் மாட்டப்பட்டிருந்தால் சிலிக்கோன் வால்வுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது தகும். சிலிக்கோன் பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் வரும் என்றாலும், நிறத்தை மட்டும் நம்பாமல் தயாரிப்பாளரின் விவரத்தைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வடிகட்டும் திறனைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெட்டியின் மீது "99 சதவீதத் திறன்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எத்தனை மைக்ரான் அளவுள்ள துகளில் 99 சதவீதம் என்று சொல்லாதவரை இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. 40 மைக்ரான் துகள்களில் 99 சதவீதத்தைப் பிடிப்பதும் 20 மைக்ரான் துகள்களில் 99 சதவீதத்தைப் பிடிப்பதும் முற்றிலும் வேறு. வடிதாள் என்பது ஒரே அளவு ஓட்டைகள் கொண்ட மாவுச் சல்லடை அல்ல. தாறுமாறாகப் பின்னிய இழைகளுக்கு இடையே துகள்கள் சிக்கிக்கொள்கின்றன என்பதால், எந்த அளவுத் துகளிலும் ஒரு பங்கு சிக்கும், ஒரு பங்கு தப்பும். ஆகையால் சதவீதம், மைக்ரான், எந்தச் சோதனை முறை என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். சோதனை முறை ஐ.எஸ்.ஓ. 4548-12 (சர்வதேசத் தர அமைப்பின் முறை) என்று குறிப்பிடப்பட்டிருந்தால் நம்பி ஒப்பிடலாம். அதில் ஆயிலை மீண்டும் மீண்டும் ஃபில்டர் வழியே செலுத்தி, தூசியைத் தொடர்ந்து கலந்து, முன்னும் பின்னும் துகள்களை எண்ணுகிறார்கள்.

சதவீதங்களை ஒப்பிடும்போது பிடிபடுவதை விடத் தப்புவதை எண்ணிப் பாருங்கள். 20 மைக்ரானில் 95 சதவீதம் என்றால் நூறு துகள்களில் ஐந்து தப்புகின்றன. 99 சதவீதம் என்றால் ஒன்றுதான் தப்புகிறது. ஏட்டில் நான்கு சதவீத வேறுபாடாகத் தெரிவது, எஞ்சினுக்குள் ஐந்து மடங்கு வேறுபாடு. சில தயாரிப்பாளர்கள் இதையே பீட்டா விகிதம் (ஃபில்டருக்கு முன் உள்ள துகள்களின் எண்ணிக்கையை, தப்பியவற்றின் எண்ணிக்கையால் வகுத்தது) என்ற பெயரில் தருவார்கள்: பீட்டா 2 என்றால் 50 சதவீதம், பீட்டா 20 என்றால் 95 சதவீதம், பீட்டா 100 என்றால் 99 சதவீதம்.

வடிதாள் மூன்று விதமாக வருகிறது. மரக்கூழிலிருந்து செய்த செல்லுலோஸ் தாள் மலிவானது. ஆயிலைக் குறுகிய இடைவெளியில் மாற்றுபவர்களுக்கு அது குறையில்லாமல் உழைக்கும். ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுங்காலம் இருந்தால் நொறுங்கும் தன்மை பெறும். செயற்கை இழைகளைக் கலந்து செய்த தாள் நடுத்தரமானது. முழுவதும் செயற்கை இழையால் ஆனது நுண்துகளைப் பிடிப்பதிலும், அதிக அழுக்கைத் தாங்குவதிலும், ஆயிலின் ஓட்டத்தை அதிகம் தடுக்காமலிருப்பதிலும் சிறந்தது. டிரெய்லர் இழுப்பவர்களுக்கும், செயற்கை ஆயில் ஊற்றி நீண்ட இடைவெளியில் மாற்றுபவர்களுக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் 20 மைக்ரான் துகளில் எவ்வளவு பிடிக்கிறது என்ற சோதனை எண்ணை வெளிப்படையாக வெளியிட்டிருக்கும் நடுத்தர விலை ஃபில்டரை வாங்கி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் தவறாமல் மாற்றினால், விலையுயர்ந்த ஃபில்டரை இரண்டு மாற்றங்களுக்கு வைத்திருப்பவரைவிடத் தங்கள் எஞ்சினை நன்றாகக் காப்பார்கள்.

புழுதிச் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆயிலுக்குள் வரும் மணல் தூசி காற்று வழியாகத்தான் நுழைகிறது. ஏர் ஃபில்டரின் விளிம்பு சரியாக உட்காராமல் தூசி புகுந்துகொண்டிருந்தால், எந்த ஆயில் ஃபில்டராலும் அதை ஈடுகட்ட முடியாது. ஆயில் மாற்றும்போதெல்லாம் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து, ஃபில்டருக்கு அப்பால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் கசிவு இருக்கிறது.

பெரிய ஃபில்டர் போடலாமா?

பிக்கப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரே மரையும் கேஸ்கெட்டும் கொண்டு உயரம் மட்டும் கூடுதலான ஃபில்டரைப் போட்டால் வடிதாளின் பரப்பு கூடும், அழுக்கைத் தாங்கும் அளவும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் பைபாஸ் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், முன் அச்சிலும் புகைபோக்கிக் குழாயிலும் உரசாமல் இடம் இருக்க வேண்டும், அடிப்பாகக் கவசத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டு கல்லடி படும் நிலையில் இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் நீங்களே சரிபார்க்க முடியாத நிலையில், குறிப்பிட்ட அளவிலேயே நிற்பதுதான் புதியவர்களுக்குப் பாதுகாப்பு. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் இந்த மாற்றம் வேண்டவே வேண்டாம்.

நான்காம் படி: வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள்

பெட்டியைத் திறந்து, உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கேஸ்கெட் தன் பள்ளத்தில் சுற்றிலும் சமமாக அமர்ந்திருக்க வேண்டும். மரையில் உலோகச் சீவல் ஒட்டியிருக்கக் கூடாது. மரையைத் தாண்டிய ஒரு சீவல் நேராக எஞ்சினுக்குத்தான் போகும், ஏனெனில் நடுத்துளை வடிகட்டிய ஆயில் வெளியேறும் பக்கம். டார்ச் விளக்கை அந்த நடுத்துளைக்குள் காட்டினால் மையக் குழாய் தெரியும். அதில் வட்டத் துளைகளோ, தகரத்தைக் கீறி மடித்த சன்னல் போன்ற பிளவுகளோ இருக்கும். பிளவுகள் வகையாக இருந்தால் அவை எல்லாம் நன்றாகத் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்; சரியாகக் கீறப்படாமல் ஏறக்குறைய மூடியே இருக்கும் பிளவுகள் ஓட்டத்தைத் தடுக்கும். மெல்லக் குலுக்கும்போது உள்ளே ஏதேனும் தளர்வாக ஆடினால் வேறொன்றைக் கேளுங்கள். மங்கலான அச்சு, எழுத்துப் பிழை, பெட்டியில் தொகுதி எண் இல்லாமை, நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த விலை ஆகியவை போலிச் சரக்கின் அடையாளங்கள்.

காட்ரிட்ஜ் வாங்குபவர்கள், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான புதிய ஓ-ரிங்குகள் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சுருளின் உயரம் பழையதைவிடக் குறைவாக இருந்தால் அதன் மேல் கீழ் விளிம்புகள் வழியே ஆயில் வடிகட்டப்படாமல் நழுவிவிடும்.

ஐந்தாம் படி: சரியாக மாட்டுங்கள்

எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது, சமதளத்தில், ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளை முட்டுக்கொடுத்த பிறகே வண்டிக்கு அடியில் செல்லுங்கள். ஆயிலை வடித்து, பழைய ஃபில்டரைக் கழற்றியதும், அதன் ரப்பர் கேஸ்கெட் அதோடு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பல நேரங்களில் அது எஞ்சின் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கறுத்த பரப்பில் கறுத்த ரப்பர் கண்ணில் படாது. விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தால்தான் தெரியும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு கேஸ்கெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, எஞ்சினை இயக்கியதும் பிதுங்கி ஆயிலைப் பீய்ச்சிவிடும்.

பரப்பைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, புதிய கேஸ்கெட்டில் புது ஆயிலை மெல்லத் தடவுங்கள். வாய் மேல்நோக்கி இருக்கும் ஃபில்டராக இருந்து, வாகன நிறுவனமும் அதை விலக்காவிட்டால், விளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியே புது ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி நிரப்பலாம். நடுத்துளையில் ஊற்றக் கூடாது. பிறகு கையால் சுற்றி, கேஸ்கெட் எஞ்சினைத் தொட்ட புள்ளியிலிருந்து உறையில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்குவது அடுத்த முறை கழற்றுபவரைத்தான் வதைக்கும். காட்ரிட்ஜ் மூடியில் இறுக்கத்தின் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 25 நியூட்டன் மீட்டர் என்பது பல வாகனங்களில் காணப்படும் அளவு. பிளாஸ்டிக் மூடிகள் அதிகம் இறுக்கினால் வெடிக்கும் என்பதால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். பழைய சுருளை எறியும்போது, அதற்குள் நிற்கும் மையக் குழாய் மூடியோடு இருக்கவேண்டிய பாகமாக இருந்தால் அதையும் சேர்த்து எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயிலை வடிக்கக் கழற்றிய டிரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றி, அதைப் பூட்டி, ஆயிலை ஊற்றி, எஞ்சினை இயக்கி ஐடிலிலேயே விடுங்கள். ஆயில் அழுத்த விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். பத்து வினாடி ஆகியும் அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். விளக்கு அணைவதற்குள் ஆக்சிலரேட்டரை மிதிப்பது டர்போவுக்குப் பெருங்கேடு. அடியில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகு எஞ்சினை அணைத்து, சில நிமிடங்கள் கழித்து ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். புது ஃபில்டர் தன் பங்கு ஆயிலை எடுத்துக்கொண்டிருக்கும் என்பதால் மட்டம் சற்று இறங்கியிருக்கும். அந்தக் குறையை நிரப்புங்கள்.

பழைய ஃபில்டரை எறிவதற்கு முன்

ஃபில்டர் கட்டர் என்ற கருவி இருந்தால் பழைய உறையை வெட்டித் திறந்து பார்ப்பது மிகவும் பயனுள்ள பழக்கம். இரம்பத்தால் அறுத்தால் அதன் உலோகத் துருவலே வடிதாளில் விழுந்து உங்களைக் குழப்பும். மடிப்புகளை விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஆங்காங்கே ஓரிரு மினுமினுப்பு இயல்பானது. வெள்ளியோ செம்போ போன்ற சீவல்கள் மடிப்புதோறும் மின்னினால் பேரிங் தேய்கிறது என்று கொண்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டுபவை இரும்பு, ஒட்டாதவை பேரிங் உலோகமாகவோ அலுமினியமாகவோ இருக்கலாம். மடிப்புகள் நசுங்கியோ கிழிந்தோ இருந்தால், தேர்ந்தெடுத்த ஃபில்டர் தவறானது, அல்லது மாற்றும் இடைவெளி மிக நீண்டுவிட்டது.

வெட்டிப் பார்க்காதவர்கள், ஃபில்டர் சூடாக இருக்கும்போதே உறையின் குமிழ்ப் பகுதியில் துளையிட்டு, 12 மணி நேரமாவது கவிழ்த்து வைத்து ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, பழைய ஆயிலோடு சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும். மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. ஓடிய கிலோமீட்டர், தேதி, ஆயிலின் கிரேடு, ஃபில்டரின் பாக எண் ஆகியவற்றை வண்டியிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கையேட்டில் சாதாரணப் பயன்பாடு, கடினப் பயன்பாடு என்று இரண்டு கால அட்டவணைகள் இருக்கும். டிரெய்லர் இழுக்கும், புழுதியில் ஓடும், குறுகிய தூரமே அடிக்கடி போய்வரும் பிக்கப்புகளுக்கு உரியது இரண்டாவது அட்டவணை என்பதால், அடுத்த ஃபில்டரை மாற்ற வேண்டிய கிலோமீட்டரை அதைப் பார்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.